புகையை விடத் துணை: பினாங்கில் ஒரு நூற்றாண்டு வரலாறு

முன்னுரை

புகைப்பழக்கத்தைக் கைவிடுவது தனிமனிதரின் மனவுறுதியைப் பொறுத்தது என்பது மக்களிடையே பரவலாக நிலவும் கருத்து. விட வேண்டும் என்று நினைத்தால் விட்டுவிடலாம் என்னும் கூற்றை வீட்டிலும் பணியிடத்திலும் அடிக்கடி கேட்கிறோம். விட முடியாதவர் மனவலிமை குன்றியவர் என்னும் தீர்ப்பும் அக்கூற்றிலேயே அடங்கிவிடுகின்றது. மருத்துவ ஆய்வுகள் காட்டும் உண்மை வேறு. துணை ஏதுமின்றித் தாமாகவே விட முயல்வோருள் ஓராண்டு கழிந்தபின்னும் புகைக்காமல் இருப்போர் நூற்றுக்கு மூவர் முதல் ஐவர் வரையே. ஆலோசனையும் மருந்தும் சேரும்போது இவ்வெண்ணிக்கை இரண்டு மூன்று மடங்காக உயர்கின்றது. ஆகவே, விட நினைப்பவருக்குக் கிடைக்கும் துணை என்பது இரண்டாம்நிலைச் செய்தியன்று. வெற்றி தோல்வியை உறுதிசெய்யும் கூறு அதுவே.

இத்துணைக்கும் ஒரு வரலாறு உண்டு. பினாங்குத் தீவில் அவ்வரலாறு சிகரெட்டுக்கு முன்பே, அபினிப் புகையோடு தொடங்குகின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அபினி எதிர்ப்பு இயக்கம், அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் நடத்திய புகையிலை எதிர்ப்புப் பணி, 2000க்குப் பின் உருவான அரசு மருத்துவச் சேவை ஆகிய மூன்று கட்டங்களை இக்கட்டுரை ஆராய்கின்றது. சட்டமும் துணையும் ஒன்றையொன்று பிரிந்து நின்ற காலங்களில் இரண்டுமே வலுவிழந்தன என்பதும், துணை என்பது மக்கள் வாழும் முறையிலும் பேசும் மொழியிலும் வேர்கொள்ள வேண்டும் என்பதும் இதன் முடிபுகளாகும்.

புகையிலையும் தமிழர் வாழ்வும்

புகையிலை அமெரிக்க மண்ணுக்குரிய பயிர். ஐரோப்பியக் கடலோடிகளின் வாயிலாகவே அது கீழைநாடுகளை எட்டியது. சங்க இலக்கியத்திலோ அற நூல்களிலோ அதனைப் பற்றிய குறிப்பு இல்லாமைக்கு இதுவே காரணம். திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் உண்டு, புகையுண்ணாமைக்கு இல்லை. ஆயினும், வந்த சில தலைமுறைகளுக்குள் இவ்விலை தமிழர் வாழ்வில் ஆழமாக இடம்பிடித்தது. சீனிச்சர்க்கரைப் புலவர் பாடிய புகையிலை விடு தூது என்னும் சிற்றிலக்கியம் புகையிலையையே தூதுப் பொருளாக்கியது. உ.வே.சாமிநாதையர் அதனைப் பதிப்பித்தார். வெற்றிலை பாக்கோடு சேர்த்து மெல்லுதல், சுருட்டு, பின்னர்ப் பீடி என அதன் வடிவங்கள் பெருகின. ஆங்கிலத்தில் சுருட்டைக் குறிக்கும் சொல்லே தமிழ்ச் சொல்லின் திரிபுதான்.

மலாயாவுக்குத் தோட்டத் தொழிலாளராக வந்த தமிழர் இப்பழக்கத்தையும் உடன் கொணர்ந்தனர். மலேசியாவின் முனீஸ்வரர் கோயில்களில் சுருட்டைப் படையலாக வைக்கும் வழக்கம் இன்றும் காணப்படுகின்றது. விருந்தினருக்கு வெற்றிலைத் தட்டை நீட்டுவதும், உடன் உழைப்பவருக்குப் பீடியைப் பகிர்வதும் உறவின் அடையாளங்களாயின. புகையிலை ஒரு பொருளாக மட்டும் நுழையவில்லை. நட்பு, மதிப்பு, வழிபாடு ஆகியவற்றின் மொழியாகவும் நுழைந்தது. ஆதலால் அதனை விடுபவர் ஒரு பொருளை மட்டும் விடுவதில்லை; அதனோடு பின்னிய உறவுகளில் தமக்குரிய இடத்தையும் புதிதாக அமைத்துக்கொள்ள வேண்டியவராகிறார். துணையின் தேவை இங்கிருந்தே தொடங்குகின்றது.

சூலியா தெருவும் அபினி எதிர்ப்பும்

பிரித்தானியர் பினாங்கில் குடியேற்றம் அமைத்த 1786க்குப் பின் சில ஆண்டுகளிலேயே அபினி விற்பனை உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. இந்தியாவில் விளைந்து கல்கத்தாவில் ஏலம் விடப்பட்ட அபினி இங்குக் காய்ச்சிப் பதப்படுத்தப்பட்டுச் சாண்டு என்னும் பெயரில் விற்பனையாயிற்று. அதனைப் புகைத்தோருள் பெரும்பான்மையினர் சுரங்கத்திலும் துறைமுகத்திலும் உழைத்த சீனத் தொழிலாளர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரிணைக் குடியேற்றங்களின் அரசு வருவாயில் ஏறத்தாழப் பாதி அபினியிலிருந்தே கிடைத்தது. புகைப்பவரின் அடிமைநிலை அரசின் கருவூலத்துக்கு அடித்தளமாக இருந்தது எனலாம்.

இச்சூழலில் எழுந்த எதிர்ப்பியக்கத்தின் முன்னணியில் நின்றவர் மருத்துவர் ஊ லியென் தே. 1879இல் பினாங்கில் பிறந்து, பினாங்கு ஃபிரீ பள்ளியில் பயின்று, அரசியார் உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜில் மருத்துவம் கற்றவர் அவர். நாடு திரும்பியபின், தமிழ் முஸ்லிம்களான சூலியரின் பெயரைத் தாங்கிய சூலியா தெருவில் மருத்துவமனை தொடங்கினார். பினாங்கு அபினி எதிர்ப்புச் சங்கத்தின் தலைமையையும் ஏற்றார். 1906 மார்ச்சில் ஈப்போவில் கூடிய அபினி எதிர்ப்பு மாநாட்டுக்கு மலாயாவின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 2000 பேர் வந்தனர். இதே காலத்தில் சிங்கப்பூரிலும் அபினி நோயாளிகளுக்கு உதவும் முயற்சிகள் நடைபெற்றன.

இவ்வியக்கம் அறவுரையோடு நின்றுவிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. புகைப்போரைப் பழிப்பதற்கு மாறாக, அவர்களை நோயாளிகளாகக் கருதி மருத்துவம் அளிக்க முற்பட்டது. அதன் விளைவை ஊ லியென் தே தம் வாழ்விலேயே கண்டார். 1907இல் அவரது மருத்துவமனையில் நடைபெற்ற சோதனையில் ஓர் அவுன்சு அபினிக் கரைசல் கைப்பற்றப்பட்டது. மருத்துவப் பயன்பாட்டுக்கு வைத்திருந்த அப்பொருளுக்காக அவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டுக் குற்றத்தீர்ப்பும் வழங்கப்பட்டது. மன்னுக்கணக்கில் சாண்டு விற்கப்பட்ட ஊரில் ஓர் அவுன்சு மருந்துக்காக மருத்துவர் தண்டிக்கப்பட்டார். 1908இல் அவர் சீனா சென்றார். 1910–11இல் மஞ்சூரியாவில் பரவிய கொள்ளைநோயைக் கட்டுப்படுத்தி உலகப் புகழ் பெற்றார். இறுதிக்காலத்தில் மலாயா திரும்பி, 1960இல் பினாங்கிலேயே மறைந்தார்.

காட்டுக்கொடியின் கற்பித்தல்

ஈப்போ மாநாடு நடந்த காலத்தை ஒட்டி, மலாயாவில் ஓர் இலைமருந்து பெரும் எழுச்சியை உண்டாக்கியது. கொம்பிரேட்டம் சுண்டாய்க்கம் என்று தாவரவியலார் பெயரிட்ட காட்டுக்கொடி அது. அதன் இலையை வறுத்துக் கொதிக்கவைத்த கஷாயம் அபினி ஆசையை ஒழிக்கும் என்னும் செய்தி பரவவே, 1906, 1907 ஆண்டுகளில் மக்கள் கூட்டம் கூட்டமாக அதனைப் பெறச் சென்றனர்.

அம்மருந்தை உட்கொள்ளும் முறை நம் கவனத்துக்கு உரியது. கஷாயம் இரண்டு குப்பிகளில் நிரப்பப்படும். நோயாளி ஒரு நாளில் பயன்படுத்தும் அளவு அபினி முதற்குப்பியில் மட்டும் கலக்கப்படும். முதற்குப்பியிலிருந்து ஒருவேளை மருந்தை அருந்தியதும், அதே அளவு கஷாயத்தை இரண்டாம் குப்பியிலிருந்து எடுத்து முதற்குப்பியில் ஊற்ற வேண்டும். குப்பி எப்போதும் நிறைந்தே இருக்கும். ஆனால் அதிலுள்ள அபினி வேளைதோறும் குறைந்துகொண்டே வரும். உடல் அறியாதவாறு அளவு தேய்ந்து, இறுதியில் வெறும் இலைச்சாறே எஞ்சும்.

பின்னர் நடந்த வேதியியல் ஆய்வுகளில் அவ்விலைக்கு அபினி ஆசையை மாற்றும் தனியாற்றல் இருப்பதாகத் தெரியவில்லை. எழுச்சியும் தணிந்தது. இலை பொய்த்தது எனினும் முறை பொய்க்கவில்லை. பழகிய நஞ்சைச் சிறிது சிறிதாகக் குறைத்தல், அருந்தும் சடங்கைக் காத்துக்கொண்டே உள்ளிருக்கும் பொருளை மாற்றுதல், தனியே அன்றிப் பலரோடு சேர்ந்து மேற்கொள்ளுதல் ஆகிய மூன்றும் அதில் அடங்கியிருந்தன. இன்றைய மருத்துவம் நிக்கோட்டின் ஒட்டுப்பட்டையையும் நிக்கோட்டின் மெல்பசையையும் பயன்படுத்துவது இதே அடிப்படையில்தான். புகையின் நஞ்சுகளை நீக்கிவிட்டு, நிக்கோட்டினை மட்டும் அளந்து கொடுத்து, அவ்வளவையும் படிப்படியாகக் குறைப்பது அதன் நெறி.

அபினிக் கதையின் மறுபாதி சட்டம் பற்றியது. 1907இல் அமைக்கப்பட்ட அபினி ஆணையத்தின் பரிந்துரைக்குப் பின், 1910இல் நீரிணைக் குடியேற்றங்களில் குத்தகைமுறை ஒழிந்து அரசின் தனியுரிமை விற்பனை வந்தது. குத்தகைதாரர் சென்றார், விற்பனை சென்றபாடில்லை. முழுத் தடை இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946இல்தான் நடைமுறைக்கு வந்தது. வருவாயும் தடையும் ஒரே கையில் இருக்கும்போது தடை தாமதமாகும் என்னும் பாடத்தை அந்நாற்பது ஆண்டுகள் தருகின்றன.

தொண்டர் படை: தமிழரின் ஒரு முன்மாதிரி

அபினி இயக்கம் பெரும்பாலும் சீனச் சமூகத்துக்குரியது. தமிழரிடையே அதற்கு இணையான கூட்டு முயற்சியைத் தேடினால், கெடா மாநிலத் தோட்டங்களில் 1946–47இல் இயங்கிய தொண்டர் படையைக் காண்கிறோம். அங்கே எதிர்க்கப்பட்டது புகையன்று, கள். ஆயினும் பழக்கத்தை விடுவதற்கான துணை என்னும் நோக்கில் அது இங்கு எண்ணத்தக்கது. ஹார்வார்டு தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம்.சாமி முதலியோரின் தலைமையில் இளைஞர்கள் திரண்டு, தோட்டக் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் காவல்துறையினரோடு ஏற்பட்ட மோதலில் தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். படையும் விரைவில் ஒடுக்கப்பட்டது.

குடிப்பவர் தனியராக மனவுறுதி கொள்ளட்டும் என்று அவ்விளைஞர்கள் காத்திருக்கவில்லை. கள் கிடைக்கும் இடத்தையே மாற்ற முற்பட்டனர். விடுபவருக்கு லயத்து மக்களின் மதிப்பையும் தோழமையையும் ஈடாக அளித்தனர். வற்புறுத்தலும் தண்டனையும் அவர்களது முறையில் கலந்திருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும், பழக்கம் என்பது சூழலின் விளைவு, மாற்றமும் சூழலில்தான் தொடங்க வேண்டும் என்பதை அவர்கள் நடைமுறையில் உணர்ந்திருந்தனர்.

பயனீட்டாளர் சங்கத்தின் பணி

1950இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் வெளியிட்ட ஆய்வு புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியது. 1964இல் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை அதனை உலகறியச் செய்தது. மேலைநாடுகளில் விற்பனை சரியத் தொடங்கவே, பன்னாட்டு நிறுவனங்கள் ஆசியச் சந்தையை நோக்கித் திரும்பின.

பினாங்கும் இக்காலத்தில் பெரும் மாற்றத்துக்கு உள்ளாயிற்று. 1969இல் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. 1972இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வாணிக வட்டாரம் உருவாயிற்று. அதனை அடுத்து, வயல்களும் கிராமங்களுமாக இருந்த பகுதியில் பாயான் பாரு புதுநகர் எழுந்தது. நிலப்பகுதித் தோட்டங்களை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்களும் இத்தகைய புதுநகர்களின் அடுக்கு வீடுகளில் குடியேறின. மூன்று வேளை மாறிமாறி இயங்கும் தொழிற்சாலை வாழ்வில் இரவுப் பணியின் சோர்வைப் போக்கச் சிகரெட் எளிய துணையாயிற்று. லயத்தில் இருந்த அண்டை அயலாரின் கண்காணிப்பும் கூட்டுவாழ்வும் அடுக்கு வீட்டில் இல்லை. புகைப்பதற்குத் தோழர் கிடைத்தனர். விடுவதற்குத் தோழர் அரிதாயினர்.

அதே 1969இல் தோன்றியதே பினாங்குப் பயனீட்டாளர் சங்கம். 1926இல் தமிழகத்தில் பிறந்து பினாங்கில் வாழ்ந்த எஸ்.எம்.முகம்மது இத்ரீஸ் 2019இல் மறையும்வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் வெளியீடுகளைக் கொண்டுவந்தமை அச்சங்கத்தின் தனிச்சிறப்பு. தோட்டத் தொழிலாளரைச் சீரழித்த சம்சு மதுவை எதிர்த்ததைப் போலவே புகையிலையையும் அது தொடர்ந்து எதிர்த்தது. சங்கத்தின் கல்விப் பிரிவைச் சேர்ந்த என்.வி.சுப்பாராவ் புகைப்பழக்கத்தின் கேட்டைப் பொதுமக்களிடம் நெடுங்காலம் எடுத்துரைத்து வந்தார்.

சங்கத்தின் அணுகுமுறை புகைப்பவரைக் குற்றவாளியாகக் காணவில்லை; பயனீட்டாளராகக் கண்டது. இவ்வேறுபாடு அடிப்படையானது. பயனீட்டாளர் என்றால், அவருக்கு விற்கப்படும் பொருளைப் பற்றிய முழு உண்மையை அறியும் உரிமை அவருக்கு உண்டு. அதனை மறைப்பவரே குற்றவாளி. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சிகரெட் விளம்பரம் 1982இல் தடைசெய்யப்பட்டபின், நிறுவனங்கள் தம் முத்திரைப் பெயர்களைச் சுற்றுலா, உடை, உணவகம் முதலியவற்றுக்குச் சூட்டி அவற்றை விளம்பரம் செய்தன. நாட்டின் காற்பந்துப் போட்டிகளும் சிகரெட் முத்திரையோடு நடைபெற்றன. இம்மறைமுக விளம்பரத்தைச் சங்கம் விடாது அம்பலப்படுத்தியது. சங்கத்தில் பணியாற்றிய மேரி அசுந்தா, ஆஸ்திரேலிய அறிஞர் சைமன் சேப்மனுடன் சேர்ந்து, அமெரிக்க வழக்குகளால் வெளிவந்த நிறுவனங்களின் உள்ளாவணங்களைக் கொண்டு 2004இல் கட்டுரைகள் வெளியிட்டார். இளையோரின் புகைப்பழக்கத்தைத் தடுப்பதாகச் சொல்லி நிறுவனங்களே நடத்திய திட்டத்தின் உண்மை நோக்கத்தை அவை வெளிப்படுத்தின.

1993இல் உணவுச் சட்டத்தின்கீழ்ப் புகையிலைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 2004இல் அவை கடுமையாக்கப்பட்டன. 20க்கும் குறைந்த சிகரெட்டுகள் கொண்ட சிறு பெட்டிகள் 2010இல் தடைசெய்யப்பட்டன. மாணவரின் கைச்செலவுப் பணத்துக்கு எட்டும் விலையில் விற்கப்பட்டவை அப்பெட்டிகளே. விளம்பரத்தை நீக்குவதும் சிறு பெட்டியை ஒழிப்பதும் விடுபவருக்கான துணை ஆகுமா என்னும் வினா எழலாம். விட்டவர் மீண்டும் புகைக்கத் தூண்டப்படுவது பெரும்பாலும் கண்ணிலும் கையிலும் படும் பொருளால்தான். அத்தூண்டலைக் குறைப்பதும் துணையே.

நோன்பும் மாலையும்

இவ்விடத்தில், அமைப்புகளும் சட்டங்களும் தோன்றுமுன்பே நம் சமூகத்தில் இருந்துவரும் ஒரு நடைமுறையைக் கருதுதல் வேண்டும். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் அன்பர் பல நாள் விரதம் இருக்கின்றனர். ஐயப்பன் அடியார் மாலை அணிந்து 41 நாள் நோன்பு காக்கின்றனர். அந்நாள்களில் மதுவையும் புகையையும் தொடாதிருத்தல் நெறி. நாள்தோறும் ஒரு பெட்டி சிகரெட் புகைத்தவர்கூட அக்காலத்தில் ஒன்றையும் தொடாமல் இருப்பதைக் காண்கிறோம். முஸ்லிம் அன்பர் ரமலான் மாதம் முழுதும் பகற்பொழுதில் புகைப்பதில்லை. 1995இல் மலேசியத் தேசியப் பத்வா மன்றம் புகைத்தலை விலக்கப்பட்டதென அறிவித்தது.

நிக்கோட்டின் நீங்கும்போது உண்டாகும் எரிச்சல், தூக்கமின்மை, கவனச்சிதறல் முதலியவை முதல் சில நாள்களில் உச்சமடைந்து, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் தணிகின்றன என்கிறது மருத்துவம். ஆகவே 41 நாள் நோன்பை முடித்தவர் உடலளவில் மிகக் கடினமான பகுதியைக் கடந்துவிட்டவர். இது எவ்வாறு இயன்றது? அவரிடம் திடீரென மனவுறுதி பெருகிவிடவில்லை. கழுத்திலுள்ள மாலை அவர் கொண்ட உறுதியை ஊரறியச் செய்கின்றது. குருசாமி வழிகாட்டுகிறார். உடன் மாலையிட்டவர் நாள்தோறும் கூடி வழிபடுகின்றனர். வீட்டார் உணவையும் பழக்கங்களையும் அவருக்கேற்ப மாற்றிக்கொள்கின்றனர். அவருக்கு எவரும் சிகரெட்டை நீட்டுவதில்லை. தொடங்கும் நாள், நெறி, கூட்டம், மதிப்பு என இன்றைய ஆலோசனைச் சேவைகள் உருவாக்க முயலும் அனைத்தும் அங்கே உள்ளன.

குறை ஒன்றே. மாலையைக் கழற்றும் நாளில் துணையும் கழன்றுவிடுகின்றது. வேண்டுதல் நிறைவேறியதென எண்ணி, மலையிறங்கும் வழியிலேயே பலர் மீண்டும் பற்றவைக்கின்றனர். 42ஆம் நாளுக்கு உரிய துணையை நம் சமூகம் இன்னும் வகுக்கவில்லை. கோயில்களும் குருசாமிமாரும் மனம் வைத்தால் வகுக்கக்கூடிய ஒன்றே அது.

மருத்துவச் சேவையும் சட்டமும்

2003இல் மலேசியச் சுகாதார அமைச்சு புகையிலை அடிமைநிலைக்கான மருத்துவ வழிகாட்டியை வெளியிட்டது. புகைப்பழக்கம் ஒழுக்கக்கேடன்று, மருத்துவத்துக்குரிய நிலை என்பதை அரசு முறைப்படி ஏற்றுக்கொண்டதற்கு அவ்வழிகாட்டி சான்றாகும். அரசு சுகாதார நிலையங்களில் புகைப்பதை நிறுத்தும் சிகிச்சைப் பிரிவுகள் இயங்கின. பாயான் பாருவுக்கு அருகே மிண்டனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தேசிய நச்சு மையம் புகையிலைக் கட்டுப்பாட்டுத் தகவல் பணியில் முன்னின்றது. ஊ லியென் தேயின் மருத்துவமனையைச் சோதனையிட்ட அரசமைப்பு மறைந்து, நூறாண்டுகளுக்குள் அரசே மருத்துவமனை நடத்தும் நிலை வந்தது எனலாம்.

2004இல் வேண்டாம் எனப் பொருள்படும் 'தாக் நாக்' என்னும் முழக்கத்தோடு நாடு தழுவிய பரப்புரை தொடங்கிற்று. 2005 செப்டம்பரில் மலேசியா உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை உறுதிசெய்தது. அவ்வுடன்படிக்கையின் 14ஆம் விதி, விட விரும்புவோருக்கு உதவி அளிப்பதை உறுப்பு நாடுகளின் கடமையாக்குகின்றது. 2009இல் பெட்டிகளில் எச்சரிக்கைப் படங்கள் வந்தன. 2015இல் சுகாதார அமைச்சு, மலாயாப் பல்கலைக்கழகம், தனியார் துறை ஆகியவற்றின் கூட்டு முயற்சியில் 'எம்குவிட்' சேவை தொடங்கப்பட்டது. அரசு நிலையங்கள் மட்டுமன்றித் தனியார் மருத்துவமனைகளும் மருந்தகங்களும் அதில் இணைந்தன.

அதே 2015 நவம்பரில் கலால் வரி உயர்ந்து, உயர்தரச் சிகரெட் பெட்டியின் விலை 13.80 ரிங்கிட்டிலிருந்து 17 ரிங்கிட்டாயிற்று. விலையேற்றம் புகைப்பதைக் குறைக்கும் வலிய கருவி என்பது உலக அனுபவம். ஆனால் மலேசியாவில் புகைப்போர் பலர் மலிவான கடத்தல் சிகரெட்டுக்கு மாறினர். தேசிய உடல்நல ஆய்வின்படி 15 வயதுக்கு மேற்பட்டோருள் புகைப்போர் 2015இல் 22.8 விழுக்காடு, 2019இல் 21.3 விழுக்காடு. ஆடவரைத் தனியே நோக்கின் 43 விழுக்காடு 40.5 ஆகக் குறைந்தது. கதவை அடைக்கும் சட்டம் வந்தபோது, வெளியேறும் வழியைக் காட்டும் துணை எல்லாரையும் சென்றடையவில்லை என்பதை இச்சிறு வீழ்ச்சி உணர்த்துகின்றது.

2019 முதல் உணவகங்களில் புகைத்தல் தடைசெய்யப்பட்டது. 2007ஆம் ஆண்டிலும் அதன் பின்னும் பிறந்தோருக்குப் புகையிலையை முற்றாக மறுக்கும் நோக்கில் 2022இல் ஒரு சட்ட முன்வரைவு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 2023 நவம்பர் 30இல் மக்களவை நிறைவேற்றிய வடிவில் அப்பகுதி நீக்கப்பட்டிருந்தது. எஞ்சிய சட்டம் 852ஆம் எண்ணைப் பெற்று, 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதனிடையே, 2023 மார்ச்சில் மின்சிகரெட்டுக்கான நிக்கோட்டின் நீர்மம் நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டு வரிக்கு உட்படுத்தப்பட்டது. வருவாயும் கட்டுப்பாடும் ஒரே கையில் சேர்ந்த அபினிக் காலத்தின் நிழல் இங்கே படிவதை வரலாற்று மாணவர் காணாதிருக்க இயலாது.

விளைவு பள்ளிகளில் தெரிகின்றது. 13 முதல் 17 வயதுடைய மாணவருள் சிகரெட் புகைப்போர் 2017இல் 13.8 விழுக்காடாக இருந்து 2022இல் 6.2 ஆகக் குறைந்தனர். மின்சிகரெட் பயன்படுத்துவோரோ 9.8இலிருந்து 14.9 விழுக்காடாகப் பெருகினர். புகையின் வடிவம் மாறியது; நிக்கோட்டினின் பிடி மாறவில்லை.

மொழியும் துணையும்

விட நினைப்பவருக்கு ஆலோசகர் கேட்கும் வினாக்கள் எளியவை. காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதற் சிகரெட்டைப் பற்றவைக்கிறீர்கள்? எந்த வேளையில் ஆசை மிகுகின்றது? முன்பு விட முயன்றபோது எதனால் மீண்டும் தொடங்கினீர்கள்? மூன்றாம் வினாவுக்கான விடையில் பெரும்பாலும் ஒரு வாழ்க்கைச் செய்தி அடங்கியிருக்கும். வேலை பறிபோனது, மனைவி நோயுற்றது, இழவு வீட்டில் நண்பர் நீட்டியது என அது அமையும். இவற்றை ஒருவர் தாய்மொழியில்தான் மனம்விட்டுக் கூற முடியும். துணையின் வெற்றிக்கு மொழி இன்றியமையாததாவது இதனால்தான்.

தமிழில் இத்தகைய பணி இயலும் என்பதற்குச் சென்னை சான்று. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், 2002இல் இந்தியாவில் அமைக்கப்பட்ட 13 புகையிலை நிறுத்த மையங்களுள் ஒன்றாயிற்று. 2016இல் தில்லியில் தொடங்கிய இந்தியத் தேசியத் தொலைபேசி ஆலோசனைச் சேவை பின்னர் விரிவடைந்து, பெங்களூரு மையத்தின் வாயிலாகத் தென்னிந்திய மொழிகளையும் எட்டியது. அங்கு உருவான சொல்வளத்தையும் கையேடுகளையும் மலேசியத் தமிழ்ச் சூழலுக்கு ஏற்ப வடிவமைத்தல் கடினமன்று.

இப்பணியில் தமிழாசிரியருக்கும் பங்குண்டு. கட்டுரைப் பயிற்சியில் புகைபிடித்தலின் தீமைகள் என்னும் தலைப்பு பலகாலமாக வழங்கிவருகின்றது. மாணவர் நுரையீரலையும் புற்றுநோயையும் வரிசைப்படுத்தி எழுதுகின்றனர்; மதிப்பெண்ணும் பெறுகின்றனர். புகைக்கும் தந்தையைக் கொண்ட மாணவருக்கு அக்கட்டுரை அச்சத்தையும் நாணத்தையும் தவிர வேறெதனைத் தருகின்றது? விட நினைக்கும் ஒருவருக்கு நாம் எவ்வாறு உதவலாம் என்று தலைப்பை மாற்றினால், அதே மாணவர் சுகாதார நிலையத்தையும் மருந்தகத்தையும் பற்றித் தேடி அறிவார். அறிந்ததை வீட்டுக்கும் கொண்டுசெல்வார். தீமையைச் சொல்லும் தமிழ் நம்மிடம் நிறைய உண்டு. துணைநிற்கும் தமிழை இனி வளர்க்க வேண்டும்.

முடிவுரை

பினாங்கின் நூற்றாண்டு வரலாறு சில உண்மைகளை உணர்த்துகின்றது. அபினிக் காலத்தில் மருத்துவத் துணை இருந்தது. அரசு அதற்குப் பகையாய் நின்றது. தொண்டர் படையிடம் சமூக வலிமை இருந்தது. சட்டத்தின் காப்பு இல்லை. பயனீட்டாளர் சங்கம் உண்மையை வெளிப்படுத்திச் சட்டத்துக்கு வழிகோலியது. இன்று சட்டமும் மருத்துவமும் ஒருசேர உள்ளன. ஆனால் அவை பாயான் பாருவின் அடுக்கு வீட்டில் இரவுப் பணி முடித்துத் திரும்புபவரின் கதவைத் தட்டுவதற்கு, அவரது மொழியும் கோயிலும் பள்ளியும் இடையில் பாலமாக வேண்டும்.

இரண்டு குப்பிகளில் கஷாயத்தை மாற்றி ஊற்றிய அக்கால எளிய மக்களின் இலை பயனற்றதாக இருக்கலாம். ஒருவர் தனியே விட வேண்டியதில்லை என்று அவர்கள் கொண்ட நம்பிக்கை பயனற்றதன்று. புகையை விட்டவரைப் பாராட்டுவதைக் காட்டிலும், பலமுறை முயன்றும் விட முடியாதவரிடம் மறுமுறையும் முயலலாம், உடனிருக்கிறோம் என்று கூறுவதே இவ்வரலாறு நமக்கு விட்டுச்செல்லும் கடமை.